கையுறை மட்டும் போதாது!

பனிமலை ஏறும் தங்கவயல் பிள்ளைகளுக்கும், டிரில் பிடித்த பெரியவர்களுக்கும்

கோலார் தங்கவயல்: மார்கழி பிறந்துவிட்டால் தங்கவயலில் விடியற்காலைக் குளிர் பொல்லாதது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,800 அடி உயரத்தில் இருக்கும் ஊர். சைனைடு மேடுகளின் மேல் பனி இறங்கி நிற்கும் நேரத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் பெங்களூர் ரயிலுக்குக் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. கழுத்தில் மப்ளர் உண்டு. தலையில் குல்லா உண்டு. உடம்பில் ஸ்வெட்டர் உண்டு. கைகள் மட்டும் வெறுங்கைகள். பெட்டியில் ஏறும்போது கதவோரத்து இரும்புக் கம்பியைப் பிடித்தவர், உள்ளே வந்ததும் கையை உதறிவிட்டு அக்குளில் சொருகிக்கொள்கிறார்.

சாதாரணமாகத் தோன்றும் இந்தச் செய்கையில் பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. இமயமலையில் பனிப்பாறை மேல் ஏறுகிறவனுக்கும் கடைசி நேரத்தில் கைகொடுப்பது இதே அக்குள்தான்.

பாதாளத்தில் வெந்தவர்களுக்குப் பனிமலையைப் பற்றி என்ன கவலை என்று கேட்பவர்கள் இருக்கலாம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல். பாட்டனாரின் பிரச்னை சூடு. பேரனின் பிரச்னை குளிர். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு தங்கவயல் வாலிபர்கள் திசைக்கொருவராகப் போனார்கள். பெரும்பாலோர் பெங்களூருக்கு. சிலர் ராணுவத்துக்கு. இப்போது விடுமுறையில் கோலார் அந்தரகங்கை மலையில் இரவு நேரத்தில் ஏறிப் பழகுகிற பையன்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அடுத்த ஆசை இமயம். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் பிறந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23ல் எவரெஸ்ட் சிகரத்தில் நின்ற பிறகு, அந்த ஆசையைப் பகல் கனவு என்று யாரும் தள்ளிவிட முடியாது.

ராணுவத்தில் சேர்ந்த பையன்களுக்கு அது ஆசை அல்ல, உத்தரவு. 1984 ஏப்ரல் 13ல் இந்தியப் படைகள் சியாச்சின் பனியாற்றின் மேல் ஏறி நிலைகொண்டன. அதுமுதல் சமவெளியில் பிறந்த எத்தனையோ பேர் முறைவைத்து அங்கே போய் வருகிறார்கள். 1758ல் தோன்றிய மதராஸ் ரெஜிமென்டின் சிப்பாய்களும் அதில் உண்டு. நீலகிரி வெலிங்டனில் பயிற்சி பெறும்போது பார்த்த உறைபனிதான் அவர்களில் பலருக்கு முதல் குளிர். 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சோனம் காவல் நிலை மீது பனிச்சரிவு விழுந்து 19வது மதராஸ் பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்தார்கள். வேலூர், கிருஷ்ணகிரி, மதுரை, தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் நால்வர், கர்நாடகத்தவர் மூவர். ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுக்கப்பட்ட லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா, தார்வார் மாவட்டத்துக்காரர்; பிப்ரவரி 11ல் டில்லி ராணுவ ஆஸ்பத்திரியில் உயிர் நீத்தார். கிருஷ்ணகிரியும் வேலூரும் தங்கவயலுக்கு அடுத்த வாசல் என்பதால் அந்தச் செய்தி இங்கே பல வீடுகளில் சொந்தத் துக்கம் போலவே கேட்கப்பட்டது.

அவர்களைக் கொண்டுபோனது பனிச்சரிவு. சரிவு வராத நாளிலும் அங்கே இருப்பவனைத் தினந்தோறும் கடிப்பது குளிர். மைனஸ் 50 டிகிரி வரை இறங்கும் இடம் அது. குளிர் முதலில் பதம் பார்ப்பது கால் விரல், கை விரல், மூக்கு, காது. இவற்றில் கை போய்விட்டால் கயிறு பிடிக்க முடியாது, பூட்ஸ் நாடா முடிய முடியாது, ஸ்டவ் பற்றவைக்க முடியாது. ஏறுகிறவனுக்குக் கைதான் உயிர்.

விரல் ஏன் முதலில் குளிர்கிறது?

பஞ்ச காலத்தில் வீட்டுக்குப் பெரியவர் என்ன செய்வார்? இருக்கிற கஞ்சியை யாருக்கு முதலில் ஊற்றுவது என்று முடிவு செய்வார். உடம்பும் அப்படித்தான். உள்ளே 37 டிகிரி சூடு குறையாமல் இருக்க வேண்டும். குறையும் என்று தெரிந்த உடனே, கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களை இறுக்கிவிட்டு, இருக்கிற சூடான ரத்தத்தை இருதயத்துக்கும் மூளைக்கும் நிறுத்திக்கொள்கிறது. விரல்கள் பட்டினி கிடக்கின்றன.

விரல்களுக்கு என்று சொந்தமாகச் சூடு உண்டாக்கும் வசதி அதிகம் இல்லை. அங்கே சதை குறைவு. எலும்பும் நரம்பும் தோலும்தான். கையை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முழங்கைக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆகவே விரலுக்குச் சூடு வேண்டுமானால் அது ரத்தத்தோடுதான் வந்து சேர வேண்டும். கையுறை சூடு தராது. வந்த சூட்டைப் போகவிடாமல் தடுக்கும், அவ்வளவுதான். உள்ளே ரத்தமே வராத கைக்கு எவ்வளவு உயர்ந்த கையுறை போட்டாலும் வெறும் பாத்திரத்தை மூடி வைத்ததற்குச் சமம்.

இங்கேதான் நம்மவர்கள் தவறு செய்கிறார்கள். கை குளிர்கிறது என்றால் கையையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நெஞ்சை, கழுத்தை, தலையை, வயிற்றை. உடம்புக்கு இன்னொரு உடுப்பைச் சேர்த்து, கழுத்தை மூடி, குல்லாவைக் காதுவரை இழுத்து விட்டுக்கொண்டால், உள்ளே சூடு போதுமென்று கண்ட உடம்பு தானாகவே விரல்களுக்கு ரத்தத்தைத் திறந்துவிடும். மணிக்கட்டையும் விடக்கூடாது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி தெரிந்தால் அது திறந்து கிடக்கும் ஜன்னல். விரலுக்குப் போகும் ரத்தம் தோலை ஒட்டி ஓடுகிற இடம் அதுவே.

1930ல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். பனிக்கட்டி போட்ட தண்ணீரில் விரலை வைத்திருந்தால் முதலில் குழாய்கள் இறுகி விரல் விறைத்துப்போகிறது. ஐந்து பத்து நிமிஷம் கழித்துத் தானாகக் கொஞ்சம் திறந்து சூடாகிறது. மறுபடி இறுகுகிறது. விரல் செத்துவிடாமல் இருக்க உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு இது. குளிர் தேசத்து மீனவர்கள் போலக் கையோடு பழகியவர்களுக்கு இது நன்றாக வேலை செய்கிறது. புதிதாகப் போகிறவர்களுக்குக் குறைவு. உடம்பே குளிர்ந்துபோனவர்களுக்கு இன்னும் குறைவு. ஆகவே சமவெளிப் பையன்களை முதல் நாளே உயரத்துக்கு அனுப்பாமல், படிப்படியாக நிறுத்திப் பழக்கி ஏற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. அவசரக்காரன் விரலைக் கொடுக்க நேரிடும்.

இரும்பைத் தொடாதே!

சுரங்கத்து ஷாஃப்ட் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களைத் தங்கவயலில் பார்க்காதவர் இல்லை. கேஜ் கயிறு ஓடும் பெரிய சக்கரங்கள் அதன் உச்சியில் இருந்தன. அவற்றைப் பார்க்கவும் கிரீஸ் இடவும் ஆள் ஏறியாக வேண்டும். இரும்பு ஏணி, மேலே தடையில்லாத காற்று. தை மாதத்து விடியற்காலையில் அதில் ஏறியவர்களுக்கு ஒரு விஷயத்தைப் புத்தகம் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரே குளிரில் நிற்கும் மரக்கதவும் இரும்புக் கம்பியும் தொட்டால் வேறு வேறாக இருக்கும். இரும்பு கையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே போகும். மரம் அப்படிச் செய்யாது.

தங்கவயலில் இதனால் கை விறைக்கும், அவ்வளவுதான். பனிமலையில் இதே விஷயம் தோலை உரித்துவிடும். மைனஸ் 20, 30 டிகிரியில் இருக்கும் துப்பாக்கிக் குழலையோ பனிக்கோடரியையோ வெறுங்கையால் தொட்டால், கையில் உள்ள ஈரம் உறைந்து தோல் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோல் இரும்போடு போகும். கோடரியின் பிடியில் துணியோ டேப்போ சுற்றி வைப்பது அதனால்தான்.

இதைவிட மோசமானது மண்ணெண்ணெய். தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் உறைகிறது. மண்ணெண்ணெய் அவ்வளவு சுலபத்தில் உறையாது. மைனஸ் 30 டிகிரி குளிரிலும் திரவமாகவே இருக்கும். ஸ்டவ்வில் ஊற்றும்போது கையில் சிந்தினால் அந்த முப்பது டிகிரிக் குளிரும் ஒரே நொடியில் விரலில் இறங்கிவிடும். சமையல் வேலைதானே என்று கையுறையைக் கழற்றிவிட்டு ஊற்றுகிறவனுக்கு அங்கேயே ஆபத்து காத்திருக்கிறது.

ஈரமும் காற்றும் இதே ரகம்தான். காய்ந்த காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கொண்டுபோகும். பனியில் நனைந்த கையுறை, வியர்வையில் ஊறிய கையுறை இரண்டும் ஒன்றே. பருத்திக் கையுறை நனைந்தால் உதவாது. கம்பளி ஓரளவு தாங்கும். வேகமாக ஏறி வியர்க்க வைத்துக்கொள்வது வீரம் என்று சிலர் நினைக்கிறார்கள். வியர்க்கும் முன்பே ஒரு உடுப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக ஏறுகிறவன்தான் விவரம் தெரிந்தவன்.

காற்றில் பறந்த கையுறை

1950 ஜூன் 3ஆம் தேதி பிரெஞ்சுக்காரர்களான மோரிஸ் எர்சோக்கும் லூயி லாஷனாலும் நேபாளத்தில் உள்ள அன்னபூர்ணா சிகரத்தை அடைந்தார்கள். 8,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் மனிதன் ஏறி நின்ற முதல் சிகரம் அதுதான். இறங்கும்போது முதுகுப் பையைத் திறக்க எர்சோக் கையுறைகளைக் கழற்றிக் கீழே வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. பைக்குள் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். உயரத்தில் பிராணவாயுக் குறைவால் மூளை மந்தித்துப்போன நேரம், அந்த யோசனை வரவில்லை. உலகப் புகழோடு திரும்பியவர் கை விரல்களையும் கால் விரல்களையும் இழந்து திரும்பினார்.

அந்தச் சம்பவத்திலிருந்து ஏறுகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மிகச் சிறிய காரியம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்வது போல, இரண்டு கையுறைகளையும் ஒரு கயிற்றால் இணைத்து மணிக்கட்டிலோ கழுத்திலோ மாட்டிக்கொள்ள வேண்டும். கழற்றினாலும் தொங்கும், பறக்காது. அதற்கு மேல் ஒரு ஜோடி மாற்றுக் கையுறையைச் சட்டைக்குள் நெஞ்சோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். பைக்குள் அடியில் வைத்தால் எடுப்பதற்குள் கை விறைத்துவிடும்.

கையுறை ஒன்றல்ல, மூன்று. தோலை ஒட்டி மெல்லியது ஒன்று. அதன் மேல் கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத உறை. பூட்டவோ முடியவோ வேண்டியபோது மேலுறைகளை மட்டும் கழற்றினால் மெல்லிய உறை தோலைக் காக்கும். ஐந்து விரலுக்கும் தனித்தனி வீடு கட்டிய கையுறையைவிட, நான்கு விரலும் ஒரே பைக்குள் போகிற மிட்டன் என்ற வகைதான் அதிகச் சூடு தரும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் சூடு ஒருவருக்கு உதவுகிறது. கைக்கு இறுக்கமாக இருப்பதுதான் நல்ல கையுறை என்று நினைத்து வாங்குகிறவர்கள் காசு கொடுத்து ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறார்கள். மோதிரம், இறுக்கமான வாட்ச் பட்டை இரண்டையும் ஊரிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

இப்போது கடைகளில் கிடைக்கும் சூட்டுப் பொட்டலங்களில் இருப்பது இரும்புத் தூள். காற்று பட்டதும் அது துருப்பிடிக்கும். அந்த ரசாயனத்தில் வெப்பம் பிறக்கும். மிக உயரத்தில் காற்றே மெல்லியது என்பதால் பொட்டலமும் மந்தமாகிவிடும். அதை நம்பி இரண்டாவது ஜோடிக் கையுறையை விட்டுவிட்டுப் போகக்கூடாது.

பீடியும் பிராந்தியும்

குளிருக்கு ஒரு பீடி, ஒரு வாய் பிராந்தி என்பது நம்மவர்களில் பலர் சத்தியமாக நம்புகிற வைத்தியம். இரண்டும் ஏமாற்று வித்தை. புகையிலையில் உள்ள நிக்கோடின் விரல்களின் ரத்தக் குழாய்களை இறுக்குகிறது. ஏற்கெனவே பட்டினி கிடக்கும் விரலின் கஞ்சியைப் பறிக்கிறது. சாராயம் தோலின் குழாய்களைத் திறந்துவிடுகிறது. முகம் ஜிவ்வென்று சூடாகும். அந்தச் சூடு உள்ளேயிருந்து வெளியே ஓடிப்போகிற சூடு என்பது குடித்தவனுக்குத் தெரியாது. புத்தியும் தடுமாறும்.

வயிறு நிறைந்திருக்க வேண்டும். உடம்பின் அடுப்புக்கு விறகு சாப்பாடுதான். மலையில் பசி மந்திக்கும். கட்டாயப்படுத்தியாவது அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். நம் ஊர்க் கடலை மிட்டாய் இதற்கு அருமையானது: வெல்லம் உடனே எரியும், வேர்க்கடலையின் எண்ணெய் நின்று எரியும். பிளாஸ்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ. தண்ணீரும் நிறையக் குடிக்க வேண்டும்; குளிரில் தாகம் தெரியாது, ஆனால் மூச்சிலேயே ஏராளமான ஈரம் போய்விடும், ரத்தம் கெட்டிப்படும்.

கை விறைக்க ஆரம்பித்த உடனே நின்றுவிட வேண்டும். இரண்டு கைகளையும் நீட்டி, தோளிலிருந்து பெரிய வட்டமாக இருபது முப்பது தடவை சுழற்றினால் ரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். பிறகு அக்குள். ரத்தம் திரும்பும்போது உயிர் போகிற வலி வரும். பெரிய மலையேறிகளே கண்ணீர் விடுவார்கள். அந்த வலி நல்ல சகுனம். வலித்துக்கொண்டிருந்த விரல் திடீரென்று வலி நின்று, உணர்ச்சியற்று, மெழுகு போல் கெட்டியானால் அதுதான் பயப்பட வேண்டிய நேரம். வெள்ளைக்காரர்களுக்கு விரல் வெளுப்பது பளிச்சென்று தெரியும். நம் கறுத்த மேனியில் தெரியாது. உள்ளங்கைப் பக்கத்தையும் நகக்கண்ணையும் பார்க்க வேண்டும். கயிற்றில் கூட வருகிறவன் அடிக்கடி பார்த்துச் சொல்வது இன்னும் நல்லது.

உறைந்த விரலுக்கு என்ன செய்வது?

நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பில் (1812) உடன் போன லாரே என்ற ராணுவ மருத்துவர், உறைந்த கை கால்களைக் கணப்பு நெருப்பில் காட்டிய சிப்பாய்கள் அழுகிச் சாவதைக் கண்டார். பகலில் உறைவது, இரவில் நெருப்பில் இளகுவது, மறுநாள் மறுபடி உறைவது. இதுதான் அவர்களைக் கொன்றது. அவர் கண்டது சரி. ஆனால் அதற்காகப் பனியை வைத்துத் தேய்க்கச் சொன்னார். ஒரு பெரிய மனிதர் சொல்லிவிட்டால் யார் மறுப்பது? நூறு ஆண்டுக்கும் மேலாக உலகம் முழுவதும் விரல்களைப் பனியால் தேய்த்துத் தோலைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் அது தவறு என்று ஒதுக்கப்பட்டது.

இன்றைய முறை இது: தேய்க்கக்கூடாது, நெருப்பில் காட்டக்கூடாது. 37 முதல் 39 டிகிரிச் சூடுள்ள தண்ணீரில், அதாவது குழந்தையைக் குளிப்பாட்டும் பதத்தில், அரை மணி நேரம் வரை விரல் மிருதுவாகிச் சிவக்கும்வரை வைத்திருக்க வேண்டும். உறைந்த விரலுக்குச் சூடு தெரியாது என்பதால் தண்ணீரின் பதத்தை இன்னொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும். கொப்புளத்தை உடைக்கக்கூடாது. விரல்களுக்கு நடுவே பஞ்சு வைத்துத் தளர்வாகக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். போகிற வழியில் மறுபடி உறையும் என்று தெரிந்தால், பாதுகாப்பான இடம் வரும்வரை இளகவைக்காமல் இருப்பதே மேல். கடுமையான கேசுகளில் ரத்தக் குழாயைத் திறக்கும் ஐலோப்ராஸ்ட் ஊசி மருந்துக்கு அமெரிக்க அரசு 2024ல் அனுமதி கொடுத்திருக்கிறது. அதுவும் சீக்கிரம் போனால்தான்.

டிரில் பிடித்த கைகள்

மலைப்பக்கமே போகாத ஒரு கூட்டத்தாரையும் இந்த விஷயம் தொடுகிறது. சுரங்கத்தில் வருஷக்கணக்காக ஜாக்ஹாமர் பிடித்துப் பாறை துளைத்தவர்கள் இன்னும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். சிலிகாசிஸ் என்ற நுரையீரல் வியாதி எல்லோருக்கும் தெரியும். அதிர்வினால் விரலுக்கு வரும் வியாதியைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை.

1911ல் இத்தாலிய மருத்துவர் லோரிகா, காற்றழுத்தக் கருவி பிடிக்கும் தொழிலாளர்களிடம் இதைக் கண்டு எழுதினார். 1918ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக் கல் தச்சர்களிடம் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் மருத்துவர் ஆராய்ந்து இதை உறுதிப்படுத்தினார். குளிர்ந்த காலை நேரத்தில் அவர்களுடைய விரல்கள் திடீரென்று வெளுத்து மரத்துப்போகும். வருஷக்கணக்கான அதிர்வு விரலின் ரத்தக் குழாயையும் நரம்பையும் கெடுத்துவிடுகிறது. பிறகு கொஞ்சம் குளிர் பட்டாலும் குழாய் அளவுக்கு மீறி இறுகுகிறது.

வெப்ப நாடுகளில் விரல் வெளுப்பதைவிட, மரத்துப்போவதும் ஊசி குத்துவது போல் இருப்பதும் பிடி தளர்வதும்தான் அதிகம். பாறையே கொதிக்கும் ஆழத்தில் வேலை செய்கிற வரையில் குளிரால் வரும் தொல்லை வெளியே தெரிய வழியில்லை. வேலை போய், வயது ஏறி, பெங்களூரில் இரவுக் காவல் வேலை பார்க்கும்போது விடியற்காலையில் டீ டம்ளரைப் பிடிக்க முடியாமல் நழுவினால், ‘வயசாயிடுச்சி’ என்று விட்டுவிடுகிறார்கள். டாக்டரிடம் போனாலும் சர்க்கரை வியாதியா என்று சோதிக்கிறார்; அது அவசியமே. ஆனால் எத்தனை வருஷம் டிரில் பிடித்தேன் என்பதை நோயாளி சொன்னால் ஒழிய டாக்டருக்குத் தெரியாது.

இவர்களுக்கும் மலையேறிக்குச் சொன்னதே பொருந்தும். நெஞ்சையும் கழுத்தையும் மூடு, கையுறை போட்ட பிறகு வெளியே வா, குளிர்ந்த பிறகு போடாதே, பீடியை விடு, காலையில் பச்சைத் தண்ணீரில் பாத்திரம் கழுவாதே. மரத்த கையைக் கொதிக்கும் தண்ணீரில் விட்டுப் புண்ணாக்கிக்கொள்ளும் ஆபத்து சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு இரட்டிப்பு. அதே வீட்டில் ராணுவத்துக்குப் போகத் தயாராகும் பேரன் இருந்து, அவனுக்கும் குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகும் வழக்கம் இருந்தால், ஆள் எடுக்கும் டாக்டரிடம் அதை மறைக்கக்கூடாது. உயரத்தில் அந்த விரல்கள்தான் முதலில் உறையும்.